அடுத்த தடவை பார்த்துக்கலாம்

 

இப்பதான் பொங்கல் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள ஆடி வந்து, ஆடித் தள்ளுபடியும் முடிஞ்சு, ஜவுளிக்கடையில தீபாவளி போர்டு மாட்டிட்டாங்க. "நாள் எப்படி ஓடுது பாருங்க"ன்னு நாம பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்றோம். அவங்களும் "ஆமாங்க"ன்னு தலையாட்டுறாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுடும். இன்னிக்கு அதைக் கொஞ்சம் நின்னு பார்க்கலாம்னு நினைச்சேன். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எங்க ஊரை வச்சுத்தான் பேசப் போறேன். எனக்குத் தெரிஞ்ச ஊர் அது ஒண்ணுதான்.

எங்க ஊர் ஸ்ரீரங்கம். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி, நடுவுல தீவு. நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல போனா அலாரம் வைக்க மாட்டேன். விடியற்காலையில கொள்ளிடம் பாலத்துல ரயில் ஏறினதும் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துல முழிப்பு வந்துடும். செருப்பைத் தேடி, பையை எடுத்துக்கிட்டு கதவுப் பக்கம் வர்றதுக்கும் ஸ்டேஷன் வர்றதுக்கும் சரியா இருக்கும்.

முதல்ல ராஜகோபுரத்தைப் பத்திச் சொல்லணும். இப்போ ஸ்ரீரங்கம்னு கூகுள்ல போட்டா முதல்ல வர்ற படம் அதுதான். 13 நிலை, 236 அடி. ஆனா நான் பொறந்தப்போ அது கிடையாது. விஜயநகர காலத்துல ஆரம்பிச்சு, அடித்தளத்தோட நின்னுபோன ஒரு பெரிய கல் கட்டடம்தான் இருந்துச்சு. மொட்டை கோபுரம்னுதான் ஊர்ல சொல்வாங்க. சுமார் நானூறு வருஷம் அது அப்படியே நின்னுச்சு. எத்தனை தலைமுறை அதுக்குக் கீழே போய் வந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கோபுரம்னாலே அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டே வாழ்ந்து முடிச்சவங்கதான் அதுல பெரும்பாலானவங்க.

1979ல வேலை ஆரம்பிச்சுது. அதைக் கையில் எடுத்தவர் அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர். அப்போ அவருக்கு வயசு எண்பதுக்கு மேல. நானூறு வருஷமா யாரும் தொடாத வேலையை அந்த வயசுல ஒருத்தர் ஆரம்பிக்கிறார். 1987 மார்ச் 25ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்துச்சு. நடுவுல ஒவ்வொரு நிலைக்கும் யார் யாரோ பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. ஆறாவது நிலை இளையராஜா கொடுத்ததுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்த வேலை ஆரம்பிச்சப்போ எனக்கு அஞ்சு வயசு. முடிஞ்சப்போ பதிமூணு நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்கப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை சைக்கிள் பாரில் உட்கார வச்சு கோபுரத்துகிட்ட கூட்டிட்டுப் போவார். "எண்ணுடா, இன்னிக்கு எத்தனை?" அப்படின்னு கேட்பார். நான் எண்ணுவேன். சில சமயம் மாசக்கணக்கா அதே எண்ணிக்கைதான் இருக்கும். எனக்கு ஏமாத்தமா இருக்கும். அவருக்கு அப்படி ஒண்ணும் தெரியல. சாரத்துல நிக்கிறவங்களைப் பார்த்துக்கிட்டு, பட்டாணி வாங்கிக் கொடுத்து, திரும்பக் கூட்டிட்டு வருவார். நான் வளர்ந்து, பார்ல உட்கார முடியாம பின்னாடி கேரியருக்குப் போனேன். அப்புறம் நானே ஓட்ட, அவர் பின்னாடி உட்கார்ந்து வந்தார். அந்த எட்டு வருஷம் எனக்கு ஒரு யுகம் மாதிரி இருந்துச்சு.

சரி, இப்போ ஒரு கணக்கு. 2017ல இருந்து 2025 வரைக்கும் அதே எட்டு வருஷம்தான். உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன், என்ன ஞாபகம் இருக்குன்னு. 2018 ஆகஸ்டுல முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்கத்து மதகுகள் வெள்ளத்துல உடைஞ்சுது. அதே மாசம் திருவானைக்காவல் தாண்டி, 1928ல கட்டின பழைய கொள்ளிடம் பாலத்துல தூண் இடிஞ்சு போச்சு. அப்புறம் கொரோனா. காவேரிப் பாலத்தை ரிப்பேருக்குன்னு மூடி, 2023 மார்ச்சுல திறந்தாங்க. 2024ல விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்துச்சு. இது எல்லாமே பேப்பர்ல வந்த செய்தி. என்னோட சொந்த எட்டு வருஷம் எங்கேன்னு தேடினா, ஒரு கைப்பிடி அளவுதான் அகப்படுது. ஒரு லேப்டாப் மாத்தினேன். ஒரு வீடு மாத்தினேன். பொண்ணு காலேஜுக்குப் போயிட்டா. அது எப்போ நடந்துச்சுன்னே தெரியல.

ஏன் இப்படின்னு படிச்சுப் பார்த்தேன். எல்லாரும் முதல்ல சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரான்சுல பால் ழானே என்ற தத்துவ அறிஞர் சொன்னது. அஞ்சு வயசுக் குழந்தைக்கு ஒரு வருஷம்ங்கிறது அதோட வாழ்க்கையில அஞ்சுல ஒரு பங்கு. அம்பது வயசுக்காரருக்கு அம்பதுல ஒரு பங்கு. அதனால சின்னதா தெரியுதாம். கேட்க அழகா இருக்கு. ஆனா எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தா அம்பது வயசுல எல்லா வருஷமும் ஒரே மாதிரி சுருங்கணும். நமக்கு அப்படி இல்லையே! ஆஸ்பத்திரியில அம்மாவோட இருந்த பதினோரு நாள், அந்த வருஷத்துல பாதியை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இன்னொரு ஆய்வு எனக்கு நெருக்கமா பட்டுது. டேவிட் ஈகிள்மேன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவர் குழுவும் 2007ல் வெளியிட்டது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து கயிறு எதுவும் இல்லாமல், முதுகுப் பக்கமாகக் கீழே விட்டாங்க. பயப்படாதீங்க, கீழே வலை இருந்துச்சு. 31 மீட்டர்னா நம்ம ராஜகோபுரத்துல பாதிகூட கிடையாது. ஆனாலும் விழறவனுக்கு அது போதும் இல்லையா? விழுந்தவங்ககிட்ட, "மத்தவங்க விழுந்ததைப் பார்த்தீங்களே, அது எவ்வளவு நேரம்? நீங்க விழுந்தது எவ்வளவு நேரம்?"னு கேட்டாங்க. தாங்கள் விழுந்த நேரத்தைச் சராசரியா 36 சதவீதம் அதிகமாச் சொன்னாங்க. சரி, விழும்போது நிஜமாவே காலம் மெதுவாச்சான்னு பார்க்க, மணிக்கட்டுல ஒரு கருவி கட்டி, அதுல எண்களை வேகமா மின்ன விட்டிருந்தாங்க. மெதுவாத் தெரிஞ்சிருந்தா படிச்சிருக்கணும். யாராலயும் படிக்க முடியல. அதாவது, விழும்போது காலம் ஒண்ணும் மெதுவாகல. மூளை அந்த நேரத்தை நெருக்கமா எழுதி வச்சுக்கிச்சு. பின்னாடி புரட்டிப் பார்க்கும்போது பக்கம் அதிகமா இருக்கு. அதனால நீளமாத் தெரியுது.

இது எங்க ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல வரிசையில நின்னவங்களுக்குத் தெரியும். ராத்திரியே வந்து நிப்பாங்க. மார்கழிக் குளிர். முன்னாடி நிக்கிறவர் முதுகைப் பார்த்தே மணிக்கணக்கா ஓடும். நகரவே நகராது. கடைசியில பெரிய பெருமாள் சந்நிதியில முத்தங்கி சேவை. சில விநாடிதான். அதுக்குள்ள "நகருங்க, நகருங்க"ன்னு தள்ளிடுவாங்க. ஆனா ஊருக்குப் போய் ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டுப் பாருங்க. அந்த வரிசையில நின்ன ஆறு மணி நேரம் "நின்னோம்"ங்கிற ஒரு வார்த்தையா சுருங்கிப் போயிருக்கும். அந்தச் சில விநாடியைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க. நிக்கும்போது நீளமா இருக்கிற நேரம் வேற. நினைக்கும்போது நீளமா இருக்கிற நேரம் வேற.

இதுல ஒரு சின்ன கிளைக்கதை. சுஜாதா 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதினப்போ ஊரை விட்டு வந்து எவ்வளவோ வருஷம் ஆகிடுச்சு. டெல்லி, பெங்களூர்னு போய், பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வரைக்கும் வேலை பார்த்த மனுஷன். ஆனா பாட்டி வீட்டுத் திண்ணையும் தெருப் பசங்களும் அவருக்கு அப்படியே இருந்துச்சு. எனக்குத் தோணுறது என்னன்னா, அவர் ஞாபக சக்தியைத்தான் நாம பாராட்டுறோம். அந்தப் பையன் அன்னிக்கு எப்படிப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்னு யோசிக்கிறது இல்லை.

நம்ம பெரியவங்க காலத்தை அளந்த விதமும் வேற. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம். அதே அறுபதுதான் வருஷத்துக்கும். பிரபவ முதல் அட்சய வரைக்கும் அறுபது பேர். ராஜகோபுரக் கும்பாபிஷேகம் நடந்தது அட்சய வருஷம், அதாவது கடைசி வருஷம். மூணு வாரத்துல சித்திரை பொறந்து மறுபடி பிரபவ ஆரம்பிச்சுது. அந்தச் சுற்று இன்னும் முடியல. 2025 சித்திரையில பொறந்த விசுவாவசு அதுல முப்பத்தொன்பதாவது. நான் பொறந்தது ஆனந்த வருஷம். பேர் என்னவோ அப்படி. அம்மா பொறந்தது விய. ஒரு மனுஷனுக்குப் பொறந்த வருஷம் ஒரே ஒரு தடவைதான் திரும்பி வரும். அதைத்தான் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணமா கொண்டாடுறோம். வருஷங்களுக்குப் பேர் வச்சதுல இது ஒரு சௌகரியம். எண்ணுக்கு எல்லையே கிடையாது, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். பேர் அறுபதோட முடிஞ்சுடும்.

சரி. இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு நேரம் சுத்தி வந்ததுக்குக் காரணம், சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருந்ததுதான்.

வருஷம் 2024. ஜூலை கடைசியில மேட்டூர் அணை நிரம்பிடுச்சு. 120 அடி. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்து விட்டாங்க. காவேரி, கொள்ளிடம் ரெண்டுலயும் கரை முட்டத் தண்ணி. ஆடிப்பெருக்கு அன்னிக்கு சனிக்கிழமை. நான் வெள்ளி ராத்திரி ரயில் ஏறி விடியற்காலை வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா காபி கொடுத்துக்கிட்டே கேட்டாங்க: "அம்மா மண்டபம் வரைக்கும் போய் தண்ணியைப் பார்த்துட்டு வரலாமாடா? இவ்வளவு தண்ணி பார்த்து ரொம்ப நாளாச்சு."

எங்க வீட்டுல இருந்து நடந்தே இருபது நிமிஷம்தான். நான் சொன்னேன், "இன்னிக்கு ஒரே கூட்டமா இருக்கும்மா. போலீஸ் வேற எங்க நிறுத்துவாங்கன்னு தெரியல. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அவங்க சரின்னுட்டு உள்ளே போயிட்டாங்க. நான் ஊஞ்சல்ல உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். என்ன பார்த்தேன்னு கேளுங்க. அந்த வாரம்தான் கொள்ளிடத்துக்குள்ள இருந்த ஒரு உயர் அழுத்த மின்கோபுரம் வெள்ளத்துல சாய்ஞ்சு விழுந்துச்சு. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாரோ பாலத்து மேல நின்னு எடுத்தது. "அம்மா, இங்க பாரு எவ்வளவு தண்ணி!"ன்னு போனை அவங்க பக்கம் திருப்பிக் காட்டினேன். அவங்க கண்ணாடி போடாமலே எட்டிப் பார்த்துட்டு, "ஆமாம், நிறைய"ன்னாங்க.

நவம்பர்ல பின்கட்டுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுடுச்சு. ஆபரேஷன். அந்தப் பதினோரு நாள் அதுதான். இப்போ நாலு கால் ஊன்றுகோல் வச்சு வீட்டுக்குள்ள நடக்கிறாங்க. படி இறங்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்குப் போட்டேன். இருபத்தோரு வயசு வரைக்கும் அம்மாகூட ஒரே வீட்டுல இருந்தேன். 7,665 நாள். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஆறு தடவை ஊருக்குப் போவேன், தடவைக்கு ரெண்டு நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். முப்பது வருஷத்துக்கு 360. அதாவது முப்பது வருஷத்துல நான் எங்கம்மாவோட ஒரு வருஷம்கூட முழுசா இருக்கலை. அவங்களுக்கு இப்போ 79. நல்லபடியா இன்னும் பத்து வருஷம்னு வச்சுக்கிட்டாலும் 120 நாள். அதுல தூக்கம் போக, நான் போன் பார்க்கிற நேரம் போக... அதுக்கு மேல கூட்டிக் கழிக்க மனசு வரலை.

இதைச் சொன்னா எல்லாரும் உடனே "நிகழ்காலத்தில் வாழுங்கள்"னு சொல்லிடுறாங்க. அது அவ்வளவு லேசு இல்லைங்க. 2010ல ஹார்வர்டு ஆய்வாளர்கள் ரெண்டு பேர் ஒரு ஐபோன் செயலி மூலமா 2,250 பேரை, நாள்ல எந்தெந்த நேரமோ கூப்பிட்டு, "இப்போ என்ன செய்றீங்க? மனசு எங்கே இருக்கு?"ன்னு கேட்டாங்க. 46.9 சதவீத நேரம் செய்ற வேலையில மனசு இல்லை. கிட்டத்தட்டப் பாதி. அது நம்ம குத்தம்னு சொல்றதைவிட, மனசு செய்யப்பட்ட விதமே அப்படின்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். நானும் மணி அடிச்சு மூச்சைக் கவனிக்கச் சொல்ற ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூணாவது வாரம் அந்த மணியையே ஆஃப் பண்ணிட்டேன். இப்போ செய்றது ஒண்ணே ஒண்ணு. ஊருக்குப் போனதும் போனை அப்பாவோட பழைய பீரோவுல வச்சு மூடிடுவேன். அது கதவைத் திறந்தா பெரிசா கிறீச்சுன்னு சத்தம் போடும். எடுக்கப் போனா வீடு முழுக்கக் கேட்கும். அம்மா உள்ளே இருந்தே "என்னடா?"ம்பாங்க. ரெண்டு தடவைக்கு ஒரு தடவை வெட்கப்பட்டுத் திரும்பி வந்துடுவேன். மீதி ஒரு தடவை எடுத்துடுறேன். பொய் சொல்லக் கூடாது இல்லையா.

2025ல ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துச்சு. ஜூன் கடைசியிலேயே மேட்டூர் நிரம்பிட்டதால ஆத்துல நல்ல தண்ணி. கூட்டம் குறையட்டும்னு ரெண்டு நாள் கூடுதலா லீவு போட்டு, செவ்வாய்க்கிழமை காலையில ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். மண்டபத்துத் தூண் ஓரமா, படிக்கட்டுக்கு மேலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார வச்சேன். கீழே இறங்க முடியாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நான் மட்டும் இறங்கி ஒரு சொம்புல தண்ணி எடுத்துட்டு வந்து அவங்க கால்ல விட்டேன். "குளிருதுடா"ன்னாங்க. காலை நகர்த்திக்கல.

ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன காதோலை, கருகமணி, வாழை இலையெல்லாம் படியோரம் ஒதுங்கிக் கிடந்துச்சு. கல்யாண மாலை ஒண்ணும் இருந்துச்சு. புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாலையை எடுத்து வச்சிருந்து ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல விடுவாங்க, உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே இருந்தவங்க திடீர்னு ஆரம்பிச்சாங்க.

"எங்க மாலையும் இங்கதான் விட்டோம். அறுபத்தெட்டாம் வருஷம். உங்கப்பா விட்டார். அவருக்கு எறியத் தெரியல, அப்படியே படிகிட்டயே போட்டுட்டார். அது சுத்திச் சுத்தி திரும்ப எங்ககிட்டயே வந்துடுச்சு. உங்க பாட்டி அபசகுனம்னு முணுமுணுக்கிறாங்க. இவர் என்ன செஞ்சார் தெரியுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கி, மாலையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டம் இருக்கிற இடம் வரைக்கும் போய் விட்டுட்டு வந்தார். நடுங்கிக்கிட்டே வந்து, 'இனிமே வராது'ன்னார்."

அம்பத்தொரு வயசு வரைக்கும் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அப்பா போய் பதினாலு வருஷம் ஆச்சு. சைக்கிள்ல என்னை உட்கார வச்சுக் கோபுரத்தை எண்ணச் சொன்ன அதே ஆள், ஈர வேட்டியோட நடுங்கிக்கிட்டு நிக்கிறதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

"அப்புறம்?"னு கேட்டேன்.

"அப்புறம் என்ன, சித்ரான்னம் சாப்பிட்டோம். தயிர்சாதத்துல உப்பு பத்தலை."

தெருமுனையில ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சார். அரை மணி நேரம்னு சொல்லி நிறுத்தியிருந்தோம், அது எப்பவோ ஆகியிருக்கும். அம்மா காதுல விழுந்த மாதிரி தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை அடிச்சார். நான் எழுந்து போய் அவர்கிட்ட வெயிட்டிங்குக்குச் சேர்த்துக் கொடுத்துடுறேன்னு சொல்லிட்டு, ரெண்டு டீ வாங்கிட்டுத் திரும்பி வந்தேன்.